கொடியக்கரையில் ஒன்றும் இல்லை

“ஒண்ணுமே இல்லை. ரெண்டு மான், நாலு குதிரை. இதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா?”

கொடியக்கரையிலிருந்து வேதாரண்யத்துக்குத் திரும்பும் வழியில், காரின் பின்னிருக்கையில் சாய்ந்துகொண்டு என் நண்பன் கைப்பேசியில் இதைத் தட்டினான். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டான். “ரெண்டு எதுக்குடா, ஒண்ணு போதும்” என்றான் பக்கத்தில் இருந்தவன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மூன்று வருடங்களுக்கு முந்தைய பொங்கல் விடுமுறை அது. கல்லூரி நண்பர்கள் மூன்று பேர், ஒரு கார், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கொடியக்கரை வரை 350 கிலோமீட்டருக்கு மேல். முட்டுக்காடு, மாமல்லபுரம், மரக்காணத்து உப்பளம், இரவு புதுச்சேரி. மறுநாள் காலை பிச்சாவரத்தில் படகு, மதியம் தரங்கம்பாடி, இரவு நாகப்பட்டினம். மூன்றாம் நாள் கொடியக்கரை. நாங்கள் மூவரும் பொறியியல் படித்தவர்கள் என்பதால் இதற்கும் ஒரு எக்செல் தாள் இருந்தது. அதில் ‘பார்க்க வேண்டியவை’ என்று ஒரு பத்தி. பூநாரை, வெளிமான், நரி, நீர்நாய், பங்குனி ஆமை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். பார்த்தால் பச்சை, பார்க்காவிட்டால் சிவப்பு. திரும்பும்போது இரண்டுதான் பச்சை. அதனால்தான் இரண்டு நட்சத்திரம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கட்டத்தின் மீது எனக்குப் பின்னால் வந்த கோபத்துக்கு ஒரு தொழில்முறைக் காரணமும் உண்டு. சில வருடங்கள் ஒரு பயணச் செயலியில் வேலை பார்த்திருக்கிறேன். விமர்சனங்களை வரிசைப்படுத்தும் குழு. எந்த இடம் மேலே வரவேண்டும், எது கீழே போகவேண்டும் என்று தீர்மானிக்கும் நிரலை எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று. அங்கே நான் கற்றது ஒன்றுதான். எதை அளக்கிறோமோ அது பெருகும். காலை உணவுக்கு மதிப்பெண் கொடுத்தால் விடுதிக்காரர் காலை உணவைச் சரிசெய்வார். அதில் தப்பே இல்லை. விடுதி என்பது நமக்காக இருப்பது. நாம் போகாவிட்டால் அதற்கு வேலை இல்லை.

ஆனால் அதே ஐந்து நட்சத்திரப் பெட்டியை ஒரு சதுப்புநிலத்தின் முன்னாலும் வைத்தோம். விடுதிக்கும் காட்டுக்கும் நிரலில் வித்தியாசம் கிடையாது, இரண்டும் ‘இடம்’ என்ற ஒரே அட்டவணையில் இரண்டு வரிகள். மான் கண்ணில் படவில்லை என்றால் அது காட்டின் சேவைக் குறைபாடு. பறவை தூரத்தில் நின்றால் பராமரிப்புக் குறைவு. இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நாங்கள் சிரிக்கவில்லை. காலாண்டு இலக்குகளோடு செய்தோம்.

*

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

கொடியக்கரைக்குப் போகிற வழியில் உப்பளங்கள் வரும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த வேதாரண்யம் இதுதான். சாலையோரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதற்கு அப்பால் சேற்றுவெளி, அதற்கும் அப்பால் கானலில் நடுங்கும் ஒரு வெளிர்சிவப்புக் கோடு. பூநாரைகள். எக்செல் தாளின் முதல் வரி. நிறுத்தி இறங்கினோம். கைப்பேசிக் கேமராவில் அவை வெறும் புள்ளிகளாகத்தான் விழுந்தன. எல்லாம் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. பூநாரைக்கு அலகு தலைகீழாக வேலை செய்யும். தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை உள்ளே இழுத்து, நாக்கால் வெளியே தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையில் மிஞ்சும் சிறு உயிர்களைத் தின்னும். அதன் சிவப்பே அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. “பறந்தா சூப்பரா இருக்கும் மச்சான், றெக்கைக்கு அடியிலதான் கலரே” என்றான் நண்பன். நான் காருக்குள் கையை விட்டு ஹாரனை அழுத்தினேன். நீளமாக, மூன்று முறை.

பறந்தன. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பதினேழு விநாடி வீடியோ. அலுவலக வாட்ஸப் குழுவில் இதயங்கள் குவிந்தன.

வரப்பில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்தபடி நின்றார். கோபமெல்லாம் இல்லை. “சாப்பிட்டுக்கிட்டு இருந்ததுங்க. ஏன் தம்பி கெளப்பிவிட்டீங்க?” என்று கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். பதில் சொல்ல ஒன்றும் இல்லாததால் “சும்மாதான்மா” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினோம். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் சரணாலயத்துக்குள் போய், “மிருகங்கள் மனிதர்களைக் கண்டாலே ஓடுகின்றன” என்று நாங்களே குறைபட்டுக்கொண்டோம்.

அந்தச் சேற்றுவெளியில் பூநாரை மட்டும் இல்லை. கொசு உள்ளான் என்று ஒரு பறவை. முப்பது கிராம் தேறாது. சைபீரியாவின் வடகோடித் துந்திர நிலத்தில் முட்டையிட்டு, பனிக்காலத்துக்கு இங்கே வருகிறது. வெயில் ஏறுவதற்குள் உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். வேறு எரிபொருள் கிடையாது. மேய்கிற நேரம்தான் அதன் சேமிப்பு, கிளப்பிவிடப்படும் ஒவ்வொரு முறையும் செலவு. ஒரு முறை பறந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் விடுமுறை நாளில் அந்தச் சாலையில் நிற்கும் கார்களை எண்ணிப் பாருங்கள். நான் அடித்தது மூன்று ஹாரன். அன்றைக்கு மொத்தம் எத்தனை?

“அடிக்காம பாத்திருக்கலாமே, அவ்ளோதானே” என்பீர்கள். ஒழுக்கமான பயணி, ஒழுக்கமில்லாத பயணி என்று பிரித்துவிட்டு நாம் முதல் வகையில் சேர்ந்துகொள்வது சுலபம். எனக்கு அந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. ஹாரன் அடித்தது என் கெட்ட குணம் மட்டும் இல்லை. 350 கிலோமீட்டர் ஓட்டிவந்தவனுக்கு ஏதாவது காட்டியே ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதை அடித்தது. ஹாரனை எடுத்துவிட்டாலும் அந்த எதிர்பார்ப்பு வேறு வழியில் வேலை செய்யும். இன்னும் கொஞ்சம் உள்ளே ஒரு சாலை கேட்கும், ஒரு பார்வை மேடை கேட்கும், மேடைக்கு விளக்கு கேட்கும், விளக்கடியில் ஒரு செல்ஃபி வளைவு கேட்கும். எல்லாம் இயற்கையை நேசிப்பவர்களின் பெயரால்.

*

இந்த எதிர்பார்ப்புக்கு ஒரு தத்துவம் உண்டு. படித்தவர்கள், நல்லவர்கள், சூழலியல் ஆர்வலர்கள்கூடச் சொல்வது. “பார்த்தால்தான் நேசம் வரும். நேசம் வந்தால்தான் காப்பாற்றுவார்கள். அதனால் மக்களை அழைத்துவந்து காட்ட வேண்டும்.” பல வருடங்கள் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்க இதமான வாதம். உல்லாசப் பயணம் போனாலே ஏதோ தொண்டு செய்தமாதிரி ஒரு திருப்தி. இந்த வாதம் பொய் என்பதுதான் நான் சொல்ல வந்தது. குழந்தையை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போவது பற்றி நான் பேசவில்லை. ஒரு கடற்கரையை எது உயிரோடு வைத்திருக்கிறதோ, அது நம் படகிலிருந்து தெரிவதில்லை. தெரிகிறதை மட்டும் நேசித்துப் பழகியவர்கள் தெரியாததைக் காப்பாற்ற வரமாட்டார்கள்.

பிச்சாவரத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே வெள்ளாற்று முகத்துவாரம், தெற்கே கொள்ளிட முகத்துவாரம், நடுவில் ஏறத்தாழ 1100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இன்று அப்படி 20 இடங்கள் உண்டு, வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. படகில் போனால் சுரபுன்னையின் முட்டுவேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் வாய்க்கால்களுக்குள் கூட்டிப்போவார்கள். பச்சைக் குகை மாதிரி இருக்கும். ‘இதயக்கனி’ இங்கே எடுத்தது, ‘தசாவதாரம்’ இங்கே எடுத்தது என்று சொல்வார்கள். சுனாமியை இந்தக் காடுதான் தடுத்தது என்பார்கள். ஒரு மணி நேரம். முடிந்தது. அழகு, ஐந்து நட்சத்திரம்.

எங்களுக்குத் துடுப்புப் போட்டவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். “அண்ணே, இந்தக் காடு எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா?” என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன். “எங்க சார். நான் சின்னப் பையனா இருக்கறப்ப உள்ள பாதி மொட்டையா கெடக்கும். உப்புப் பூத்துப்போய் வெள்ளையா இருக்கும். அப்பறம் வாய்க்கா வெட்டுனாங்க, கன்னு வெச்சாங்க” என்றார். நாங்கள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. நண்பன் வேரின் மேல் நின்ற கொக்கைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த அடுத்த கேள்வியை நான் ஊர் திரும்பிய பிறகுதான் கேட்டேன், புத்தகங்களிடம். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து மொத்தமாக வெட்டினார்கள். 1970கள் வரை அது நடந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கி, நிலம் தட்டுபோலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்தண்ணீர் வற்றத்தில் வெளியே போகவில்லை. தேங்கியது, ஆவியானது, உப்பு மிஞ்சியது. அடுத்த ஏற்றத்தில் இன்னும் உப்பு. உப்பைத் தாங்குவதற்கென்றே பிறந்த வெண்கண்டல்கூட அதில் முளைக்கவில்லை. இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். ஒரு சாண் குழி போதும், ஒரு காட்டைக் கொல்ல.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்தது கேட்க மிகச் சாதாரணமானது. வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி. ஏறும் தண்ணீர் உள்ளே வரவும் வற்றும் தண்ணீர் வெளியே போகவும் வழி. உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் சரிவில் கன்று நட்டார்கள். காடு திரும்பியது. சேற்றில் மண்வெட்டியோடு நின்றவர்கள் அந்தக் காட்டைக் காப்பாற்றினார்கள். பார்வையாளர்களின் நேசத்துக்கு அதில் என்ன பங்கு என்று எனக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

இன்றைய ஆபத்தும் படகிலிருந்து தெரியாது. அலையாத்திக் காட்டுக்கு உப்புத்தண்ணீர் மட்டும் போதாது, ஆற்றுத்தண்ணீரும் வேண்டும். கொள்ளிடம் காவிரியின் வெள்ளத்தை வடிக்கும் ஆறு. 1836இல் ஆர்தர் காட்டன் மேலணையும் கீழணையும் கட்டினார். 1934இல் மேட்டூர் அணை வந்தது. காவிரி நீர் வயலுக்குப் போக வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் நம்முடைய அரசியல் மொழியில் ஒரு வாக்கியம் உண்டு, எல்லாக் கட்சிக்கும் பொது: தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது. அந்த ‘வீணாக’ என்ற சொல்லில்தான் பிச்சாவரம் இருக்கிறது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வாழ்கிற நண்டு, இறால், மீன்குஞ்சு, காடு எல்லாம் அந்த வீணில் பிழைப்பவை. பிச்சாவரத்தில் படகேறி ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, ஊருக்கு வந்து தேநீர்க்கடையில் “எவ்ளோ டிஎம்சி கடல்ல போய் வீணாகுது தெரியுமா” என்று பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். நானே பேசியிருக்கிறேன். காட்டைப் பார்த்தது அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

சுனாமி பற்றிய படகு வாசகமும் அவ்வளவு எளிதானது இல்லை. 2004 பேரலைக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் இந்தப் பகுதியின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். மறு வருடம் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது என்று மறுத்தார்கள். காட்டுக்குப் பயன் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மேட்டில், உள்ளே தள்ளி வீடு கட்டுவதும் காப்பாற்றுகிறது என்றுதான் அர்த்தம். கடலோரத்தில் எங்கே யார் எதைக் கட்டுகிறார்கள் என்ற கேள்வி அங்கே வந்துவிடுகிறது. அந்தக் கேள்வி அழகுப் படகில் ஏறாது.

*

“அப்படின்னா யாருமே போகக் கூடாதா?” இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத நண்பர்கள் இல்லை. போகலாம். பார்க்கும் ஆசை இல்லாமல் போகத் தெரிந்தவர்கள் இதே சாலையின் முதல் கிலோமீட்டர்களிலேயே இருக்கிறார்கள்.

1988இலிருந்து சென்னையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இயங்குகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல மணலில் நடப்பார்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்ட தடம் தெரிந்தால், நாயும் காலடியும் படாமல் முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைப்பார்கள். நாற்பது ஐம்பது நாள் கழித்துக் குஞ்சு வரும். நானும் ஒரு பருவத்தில் ஆறு இரவுகள் நடந்தேன். ஒரு ஆமையைக்கூட உயிரோடு பார்க்கவில்லை. இரண்டு கூடுகள் கிடைத்தன. செத்து ஒதுங்கிய ஆமைகள் மூன்று. ஆறாம் இரவு முடிந்தபோது நட்சத்திரம் போட வேண்டும் என்று தோன்றவில்லை. காரணம் எளிது. எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

அந்த நடையில் இன்னொன்றும் புரிந்தது. ஆமைக்குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் வெளிச்சமான திசை நோக்கி ஓடும். கோடிக்கணக்கான வருடங்களாக இரவுக் கடற்கரையில் வெளிச்சமான திசை என்றால் கடல்தான். இப்போது வெளிச்சம் கரைப் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ‘கடல் தெரியும்’ வீடுகள், விடுதிகள், உணவகங்கள், தெருவிளக்குகள். குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையை நோக்கி வருகிறது. கடலைப் பார்க்க நாம் போட்ட விளக்குதான் அது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கிய ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் முங்கிச் சாகும். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள். ஆமை வருவது அதற்கு முன்பு. இந்தப் பொருத்தமின்மையைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? புகைப்படங்களைப் பகிர்ந்தோம். அழுகிற பொம்மை போட்டோம். அதே வாரக் கடைசியில் அதே சாலையில் மீன் உணவகம் தேடிப் போனோம். மீன் தின்னாதே என்று சொல்லவில்லை. இழுவலையில் ஆமை தப்பிக்கும் வழியை வைக்கச் சட்டமும் கருவியும் இருக்கிறதா, வைக்கிறார்களா, வைக்கும் மீனவருக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது என்று கேட்பது நேசத்தின் பகுதி. அதைப் படமெடுக்க முடியாது.

*

இது வெறும் மனநிலை பற்றிய புலம்பல் என்று தோன்றினால், சட்டத்தைப் பாருங்கள். 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011இல் மாற்றப்பட்டு, 2019இல் மறுபடி மாற்றப்பட்டது. மக்கள்நெருக்கம் அதிகமான கடலோரக் கிராமப் பகுதிகளில், உயர்ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை இருந்த கட்டுமானத் தடை 50 மீட்டராகச் சுருங்கியது. கடற்கரையில் தற்காலிகக் குடில்களுக்கும் இதர சுற்றுலா வசதிகளுக்கும் வழி திறந்தது. மிகக் கடுமையான பாதுகாப்பு வகையில் இருக்கும் அலையாத்திக் காடு போன்ற இடங்களிலேயே நடைபாதை, மரக்குடில், இயற்கைத் தடம் என்று சூழல் சுற்றுலாவுக்கு அனுமதி வந்தது.

அந்த வாசகங்களைப் படித்தபோது எனக்கு என் எக்செல் தாள் ஞாபகம் வந்தது. காட்டை எடுத்து விற்கிறோம் என்று சொல்லி யாரும் சட்டம் போடுவதில்லை. மக்கள் பார்க்கட்டும், பார்த்தால் நேசிப்பார்கள் என்று சொல்லித்தான் போடுகிறார்கள். நம்முடைய இதமான வாதம் யாருக்கு உதவுகிறது என்று இப்போது தெரிகிறதா? நல்லெண்ணம் உள்ள பயணி முன்னால் போகிறான். பின்னாலேயே கான்கிரீட் வருகிறது. எதிர்த்தால், “ஏன் சார், நீங்க பாக்க வந்தீங்கல்ல, எங்க ஊருக்கும் நாலு பேர் வரவேணாமா?” என்ற நியாயமான கேள்வியும் வருகிறது.

ஆம், அது நியாயமான கேள்வி. படகோட்டியின் வருமானம் பற்றி ஐடி சம்பளம் வாங்குகிறவன் உபதேசம் செய்யக் கூடாது. அதனால் இதை அவர் பக்கத்திலிருந்தே யோசித்துப் பார்த்தேன். அன்று எங்களுக்குத் துடுப்புப் போட்டவருக்கு எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் ஏறும், எந்தச் சேற்றில் இறால் இருக்கும், எந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் கண் போகும் என்பதெல்லாம் தெரியும். பால் வடியும் அந்த மரம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அதனால்தான். நாங்கள் பக்கத்தில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள், மரத்தின் முன்னால் படகில் உட்கார்ந்துகொண்டு அது என்ன மரம் என்றுகூடக் கேட்கவில்லை. அங்கே இருளர்கள் வலையில்லாமல், சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துப் பிடித்த ஓலைப்பறியில் போடுகிறார்கள். அந்த அறிவுக்கு எங்கள் கட்டணத்தில் பைசா கிடையாது. நாங்கள் காசு கொடுத்தது காட்சிக்கு. அவருக்கு லாபம் வர வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்தை அரை மணி ஆக்க வேண்டும், துடுப்பை மோட்டார் ஆக்க வேண்டும், பறவைக்குக் கிட்டே போக வேண்டும். நாம் எதை அளந்தோமோ அதை அவர் தருகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நேரத்துக்கும் அறிவுக்கும் காசு கொடுத்தால் வேறொரு தொழில் உருவாகும். அது மெதுவான தொழில், நாளைக்குக் குறைவான ஆள்களோடு நடக்கும் தொழில். அப்படியென்றால் நபருக்குக் கட்டணம் கூடும். கூடட்டும். காரின் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் நாம்.

“நீயும் போய் ஹாரன் அடிச்சவன்தானே, இப்ப ஊருக்கு உபதேசமா?” என்றும் கேட்கலாம். சரிதான். அடிக்காதவன் எழுதினால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடிக்காதவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. அவர்கள் அந்த உப்பளத்தில் வேலை செய்கிறார்கள்.

*

சென்ற டிசம்பரில் மறுபடி கொடியக்கரைக்குப் போனேன். இந்த முறை பேருந்து. வேதாரண்யத்தில் அறை எடுத்து மூன்று நாள். எக்செல் தாள் இல்லை. கொடியக்கரை 1967இல் சரணாலயமானது. 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடமானது. அதன் பிறகு இருபது வருடங்கள் நம் மாநிலத்துக்கு அது ஒன்றுதான். ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டுப் பூங்குழலியின் கோடிக்கரையைத் தேடி வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்கும் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும் சுனாமி கொண்டுபோய்விட்டது.

முதல் நாள் வெளிமான் ஒன்றும் தென்படவில்லை. இரண்டாம் நாள் தூரத்தில் ஒரு கூட்டம், பின் அதுவும் இல்லை. மான் ஏன் குறைவாகத் தெரிகிறது என்று காட்டைப் பார்த்தாலே புரிந்தது. வெளிமானுக்குப் பெயரிலேயே வெளி இருக்கிறது. திறந்த புல்வெளியில் ஓடிப் பிழைக்கும் உயிர் அது. அந்த வெளியைச் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டு வருகிறது. மிச்சப் புல்லுக்கும் கோடைத் தண்ணீருக்கும் காட்டுக்குதிரைகள் போட்டி. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அன்று செத்த மான்களும் குதிரைகளும் பல. இவ்வளவையும் தாண்டி ஒரு மான் என் கண்ணில் பட்டால் பட்டது. படவில்லை என்றால் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இரண்டு நட்சத்திரம் போட்ட என் நண்பன் நல்லவன், இன்றும் நண்பன். அந்த விமர்சனத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். “உண்மையைத்தானேடா எழுதினேன்” என்றான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் உப்பளச் சாலையில் நடந்துபோனேன். பூநாரைகள் தூரத்தில் நின்றன, அதே வெளிர்சிவப்புக் கோடாக. அந்த அம்மா அங்கே இல்லை. வேறு இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார்கள், சொன்னேன். “பறவை பாக்கவா?” என்றார் ஒருவர். “இல்லண்ணே, உப்பு எப்படி எடுக்கிறீங்கன்னு பாக்க வந்தேன்” என்றேன். பாதி பொய். ஆனால் அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, கடல்தண்ணீர் எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்கு, எத்தனை நாளில், எந்த நிறம் வந்ததும் மாற்றுவது என்று அரை மணி நேரம் சொன்னார். எந்தப் பாத்தியில் உப்பு எவ்வளவு ஏறும்போது பூநாரை இறங்கும் என்பதும் அதில் வந்தது. ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. ஹாரன் அடித்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் என் வயதுதான் இருக்கும், சிரித்துக்கொண்டிருந்தான். போய்ச் சொல்லலாம் என்று இரண்டு அடி வைத்தேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நேரில் சொல்ல முடியாததால்தான் இவ்வளவு நீளமாக இங்கே எழுதினேன்.